பூஞ்செடிக்கு மாளிகை; கொழுந்து பறித்தவர்க்கு?

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்கு அருகே, எல்பே நதிக்கரையில், பில்னிட்ஸ் என்றோர் அரண்மனை உண்டு. சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ் மன்னன் 1720ஆம் ஆண்டையொட்டிப் பரோக் பாணியில் எழுப்பிய உல்லாச மாளிகை அது. இன்று மன்னனும் இல்லை, முடியும் இல்லை. அரசர் உலவிய கூடங்களிலே நூதனசாலைகள் நடைபெறுகின்றன. சீட்டு வாங்கிய எவரும் உள்ளே நுழையலாம். நல்ல மாற்றந்தான்!

ஆனால் நாம் சொல்ல வந்தது மாளிகையைப் பற்றியன்று. அதன் பூங்காவிலே 1801இல் நடப்பட்ட கமேலியா மரமொன்று நிற்கிறது. ஜப்பானில் பிறந்த அதற்கு அந்நாட்டுக் கடுங்குளிர் ஆகாது. ஆகவே, 1992 முதல் அதற்கென்றே ஒரு கண்ணாடி வீடு! உயரம் 13 மீற்றர்; எடை 54 தொன். மாரி வந்ததும் தண்டவாளத்தில் உருண்டு வந்து மரத்தை மூடிக் காக்கும். கோடை வந்ததும் விலகி நிற்கும்.

மாத்தளை வாசகர்களே, அந்தக் கமேலியா யார் தெரியுமா? நம் மலைச்சரிவுகளில் நிற்கும் தேயிலையின் உடன்பிறப்பு! தாவர நூலார் இரண்டையும் ஒரே குலத்தில் வைத்திருக்கிறார்கள். அக்குலத்தின் ஒரு செடிக்கு அங்கே கண்ணாடி மாளிகை. இன்னொரு செடியிலே கொழுந்து பறித்தவர்க்கு இங்கே 10 அடிக்கு 12 அடி லயத்து அறை! செடியின்மேல் நமக்குப் பொறாமை இல்லை. மனிதரைக் காக்க மனமில்லாதவர்மீதே நம் சினம்.

கோப்பிக் காலத்திலே, மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர் காட்டு வழியே நடந்து வந்து சேர்ந்த ஊர் மாத்தளை. வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே மாண்டவர் எத்தனை பேர்! பிழைத்தவரின் வழிவந்தோரிடமிருந்து 1948இல் குடியுரிமையையும் பறித்தார்கள். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர் மீண்டும் அப்பாதையிலே நடந்து அவர்களை நினைவுகூர்ந்தனர்.

பக்கத்துக் கண்டியிலே அரசியர் வாழ்ந்த மாளிகை தேசிய நூதனசாலையாக விளங்குகிறது. இருக்கட்டும். காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்க்கு? கம்பளைப் பக்கத்தில் தொண்டர் சிலர் பழைய லயமொன்றைக் காட்சிசாலையாக்கியுள்ளனர். அவர்களை வணங்குகிறோம். ஆனால், அதனால் அரசின் கடன் தீர்ந்துவிடுமா?

நடை முடிந்த மாத்தளையிலேயே அரசு ஒரு நூதனசாலை எழுப்பட்டும். பொன்னும் மணியும் வேண்டா. மண்வெட்டி, கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, கங்காணியின் கடன் துண்டு இவை போதும். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்கென எவ்வளவு கேட்கப் போகிறார்கள், நம் வாக்குகளைப் பெற்றுப் பாராளுமன்றம் சென்றவர்கள்?