ஆட்டிறைச்சியும் எம்மவர் இதயமும்

சனிக்கிழமை முற்பகலில் அப்டன் பார்க் ரயில் நிலையத்தில் இறங்கிக் கிறீன் வீதி வழியே நடப்போர், அங்குள்ள இறைச்சிக் கடைகளின் முன்னால் எம்மவர் வரிசையாக நிற்பதைக் காண்பர். பாகிஸ்தானியர், வங்காளிகள், சோமாலியர் ஆகியோருடன் நாமும் எமது முறை வருமளவும் காத்து நின்று, இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று ஆட்டிறைச்சி வாங்கிப் பைகளிற் சுமந்து செல்கிறோம். ஞாயிறன்று ஒரு பகுதி கறியாகும். மிகுதி குளிர்ப்பெட்டியில் உறைந்து கிடந்து, வார நாட்களில் இரவு வேலை முடிந்து வருபவரின் கோப்பையை நிரப்பும். விருந்தினர் வந்தால் இறைச்சிக்கறி இல்லாத உபசாரம் குறைவான உபசாரமென்று கருதும் மனநிலையும் எம்மிடையே வேரூன்றிவிட்டது.

ஊரில் நாம் இவ்வாறு உண்டோமா என்பதை வாசகர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். தீபாவளிக்கோ பொங்கலுக்கு மறுநாளோ அயலவர் சேர்ந்து ஒரு கிடாயைப் பங்கு போட்டனர். பனையோலையிற் பொதிந்து வந்த அந்தப் பங்கு இறைச்சி, பெரியவரும் பிள்ளைகளுமாக ஏழெட்டுப் பேருக்குரியது. ஆளுக்கு இரண்டு துண்டும் நிறையக் குழம்புமாக அது பகிரப்பட்டது. செவ்வாய், வெள்ளிகளில் மச்சம் இல்லை. நல்லூர்க் கொடி ஏறினால் இருபத்தைந்து நாட்களும், கந்தசஷ்டிக்கு ஆறு நாட்களும் பல வீடுகளில் மச்சச் சட்டி அடுப்பேறுவதில்லை. ஏனைய நாட்களில் மீனும் மரக்கறியும் கீரையுமே எமது உணவாயின. கிணற்றில் தண்ணீர் அள்ளி, தோட்டத்தில் மண் கொத்தி, சைக்கிளில் ஊர் சுற்றிய உடல்கள் அவை. இங்கு பெற்றோல் நிலையத்தில் பன்னிரண்டு மணி நேரம் இருந்த இடத்தில் இருந்தே உழைக்கும் உடலுக்கு, ஊரில் ஆண்டுக்குச் சில தடவையே கிடைத்த உணவு வாரம் நான்கு தடவை கிடைக்கிறது.

இதன் விளைவை நாம் மரண அறிவித்தல்களிற் பார்க்கிறோம். நாற்பதுகளிலும் ஐம்பதுகளின் தொடக்கத்திலும் "திடீரெனக் காலமானார்" என்ற செய்திகள் எத்தனை! போருக்குத் தப்பி, கடல் கடந்து, வதிவிட அனுமதிக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்து, குடும்பத்தை அழைப்பித்தவர் பிள்ளைகளின் படிப்பு முடியுமுன்னரே மாரடைப்பிற் போய்விடுவது எமது சமூகத்தின் தனிப்பெருந் துயரமென்றே சொல்லலாம்.

இறைச்சி ஒன்றே இதற்குக் காரணமென்று நாம் கூற வரவில்லை. மேற்கு இலண்டனின் சவுத்தோலில் வாழ்ந்த தெற்காசியரிடையே மக்கீக், ஷா, மாமட் ஆகியோர் நடத்தி 1991ஆம் ஆண்டு 'லான்செற்' வைத்திய இதழில் வெளியிட்ட ஆய்வு, ஐரோப்பியரைவிடப் பல மடங்கினருக்கு நீரிழிவு இருந்ததையும், வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்புடன் அது பிணைந்திருப்பதையும் எடுத்துக் காட்டியது. இலண்டனில் வாழும் குஜராத்தியருள் மரக்கறி உணவை மட்டுமே உண்போர் ஏராளம். அவர்களும் இதய நோய்க்குத் தப்பவில்லை. எனவே இறைச்சியை நிறுத்திவிட்டு, வெள்ளைச் சோற்றை மலையாகக் குவித்து, வடையும் பாயசமும் உண்பவர் தம்மைக் காத்துக்கொண்டதாக எண்ண வேண்டாம். ஆயினும், எமது இனத்தவருக்கு ஏற்கெனவே மிகுந்துள்ள ஆபத்தின் மேல், கொழுப்பு மிகுந்த இறைச்சியை நாள்தோறும் ஏற்றுவது எரியும் அடுப்பில் எண்ணெய் வார்ப்பதாகும்.

எம்மிடையே நிலவும் ஒரு தவறான எண்ணத்தையும் இவ்விடத்திற் களைய வேண்டியுள்ளது. "நாங்கள் மாடு தின்பதில்லை, ஆடுதானே" என்பது பலரின் ஆறுதல். 1996ஆம் ஆண்டு மார்ச் மாதம், மாடுகளைப் பீடித்த மூளை நோய்க்கும் மனிதரிடையே புதிதாகக் காணப்பட்ட மூளை நோய்க்கும் தொடர்பிருக்கக்கூடுமெனப் பிரித்தானிய அரசு அறிவித்தபோது நாடே கலங்கிற்று. அவ்வேளையில் இந்த ஆறுதல் மேலும் வலுத்தது. ஆனால் அது வேறு நோய், வேறு கதை. மாட்டை விலக்குவது சமய ஒழுக்கம்; அதற்குரிய மதிப்பு அதற்குண்டு. வைத்தியரின் கணக்கிலோ ஆடு, செம்மறி, மாடு, பன்றி யாவும் சிவப்பு இறைச்சிதான். அதேபோல ஹலால் முத்திரையும் சமய விதிக்குரியதே. சொசேஜில் உள்ள உப்பையோ கொழுப்பையோ அது குறைப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015 ஒக்ரோபரில் வெளியிட்ட முடிவு, பதனிட்ட இறைச்சி பெருங்குடற் புற்றுநோயை உண்டாக்குமென உறுதிபடக் கூறியது. சிவப்பு இறைச்சியைப் பற்றி, அது பெரும்பாலும் அவ்வாறு செய்யக்கூடியது என்றளவில் நின்றது. பதனிட்ட இறைச்சியை நாளொன்றுக்கு 50 கிராம் உண்பவருக்கு அந்நோய்க்கான வாய்ப்பு 18 சதவீதம் அதிகரிக்கிறதென்பது அவர்களின் கணிப்பு. புகையிலையும் அதே வகுப்பில் வைக்கப்பட்டிருப்பதால் இரண்டும் சம அளவிற் கொல்லுமென்று சிலர் பொருள் கொண்டனர், அது பிழை. அந்த வகுப்பு சான்றின் உறுதியைக் குறிக்கிறதேயன்றி, ஆபத்தின் அளவை அல்ல.

இந்நாட்டு சுகாதார சேவையின் அறிவுரை எளிமையானது: நாளொன்றுக்கு 90 கிராமுக்கு மேல் சிவப்பு இறைச்சியோ பதனிட்ட இறைச்சியோ உண்பவர் 70 கிராமுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். இது சமைத்தபின் உள்ள நிறை. பச்சை இறைச்சியாயின் ஏறத்தாழ 100 கிராம். வாரத்துக்கு வளர்ந்தவர் ஒருவருக்கு எலும்பு நீங்கலாக 700 கிராம் பச்சை இறைச்சி என்று கொள்ளலாம். இது உச்ச எல்லை. எட்டியே தீரவேண்டிய இலக்கல்ல. ஞாயிறன்று மட்டும் அளவாக இறைச்சிக்கறி உண்பவர் இந்த எல்லையைத் தாண்டமாட்டார். தாண்ட வைப்பவை வேறு: இரவு வேலைக்குப் போகும் வழியில் மட்டன் ரோல்ஸ் இரண்டு, வெள்ளி இரவு கொத்துரொட்டி, பிறந்தநாள் விழாவிற் பிரட்டல், பிள்ளையின் பாடசாலை உணவுப் பெட்டியில் சலாமி. எவரும் இவற்றைக் கூட்டிப் பார்ப்பதில்லை.

குறைப்பதற்கான வழியும் கிறீன் வீதியிலேயே உள்ளது. நிலையத்துக்கு அருகிலுள்ள குயின்ஸ் மார்க்கெட்டில் முருங்கைக்காய், பாகற்காய், வெண்டிக்காய், கீரை வகைகள் என்பன கிடைக்கின்றன. ஒரு கிலோ இறைச்சி போடும் சட்டியில் அரைக் கிலோ போட்டு, மிகுதிக்கு உருளைக்கிழங்கையோ கடலையையோ பலாக்காயையோ சேர்த்தால் குழம்பின் சுவை குன்றாது. எமது பாட்டிமார் பங்கு இறைச்சியை ஏழெட்டுப் பேருக்குப் போதுமாக்கிய வித்தையும் இதுவே. வெண்கொழுப்பை வெட்டி நீக்கித் தருமாறு கடைக்காரரிடம் கேட்கலாம். வாரத்தில் இரண்டு தடவை மீன், அதில் ஒன்று சாளை போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மீனாக இருத்தல் நன்று. ரின் சாளையும் ரின் சமனும் இதில் அடங்கும். ரின் சூரை அடங்காது.

பெண்களைப் பற்றி ஒரு சொல். வீட்டில் இறைச்சி குறைந்தால், கடைசியாக உண்ணும் தாய்க்கும் வளரும் பெண் பிள்ளைக்குமே அது முதலிற் குறைந்துவிடும். மாதவிடாய்க் காலத்தினருக்கும் கர்ப்பிணிகளுக்கும் இரும்புச் சத்து கூடுதலாகத் தேவை. பருப்பு, பயறு, கௌப்பி, பச்சைக் கீரை ஆகியவற்றுடன் தேசிக்காய்ச் சாற்றைச் சேர்த்துக்கொண்டால் உடல் இரும்பைக் கூடுதலாக உறிஞ்சும். உணவோடு உணவாகக் குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும். தேநீரை ஒரு மணி நேரம் பிந்திக் குடிக்கலாம். குறைக்க வேண்டியவர் மூன்றாவது அகப்பையை நீட்டும் குடும்பத் தலைவரே. அவருடைய இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரைத் தாண்டினால் கவனம் தேவை; தெற்காசியப் பெண்களுக்கு அந்த எல்லை 80.

இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரையுள்ளோருக்கு, நீரிழிவோ இதய நோயோ ஏற்கெனவே கண்டறியப்படாவிடின், ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை இலவச உடற்பரிசோதனை உண்டு. இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல் முதலியன அதிற் பார்க்கப்படும். நீரிழிவுக்கான சோதனையையும் கேட்டுப் பெறலாம். புகலிடக் கோரிக்கை முடிவாகாதவரும் குடும்ப வைத்தியரிடம் பதிந்துகொள்ளலாம். குடிவரவுப் பத்திரமோ முகவரிச் சான்றோ இல்லையென்பது பதிவை மறுக்கக் காரணமாகாது. ஆங்கிலம் போதாதவர் பள்ளிப் பிள்ளையை மறித்து உடன் அழைத்துச் செல்லாது, நேரம் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கூறினால் போதும். அதற்குக் கட்டணம் இல்லை.