பையில் இருந்த புத்தகம்



ராஜபாளையத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். பெயர் போடவில்லை, நானும் ஊரைத் தவிர வேறொன்றும் சொல்லப் போவதில்லை. சென்னையில் படிக்கும் பிள்ளை விடுமுறைக்கு வந்தானாம். அழுக்குத் துணியை எடுக்கப் பையைத் திறந்தால், உள்ளே ஓர் ஆங்கில நாவல். பாலே நடனக் குழுவில் இரண்டு இளைஞர்கள். ஒருவன் மேல் ஒருவனுக்குக் காதல்! பத்துப் பக்கம் புரட்டியதும் கைகால் வெலவெலத்து, புத்தகத்தை அரிசி டின்னுக்குள் ஒளித்து விட்டாராம்.

"அவர் மில்லிலிருந்து வருவதற்குள் இதைக் கொளுத்தி விடட்டுமா? ஆண்பிள்ளை ஆடுவதும் இப்படி ஆசைப்படுவதும் நம் பக்கத்தில் உண்டா? படிப்பு முடிந்ததும் ஒரு கால்கட்டுப் போட்டு விட்டால் சரியாகுமா?" என்று மூன்று கேள்விகள்.

அம்மா, முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். துப்பறியும் நாவல் படிக்கிறவர்களெல்லாம் கொலைகாரர்களா என்ன? பையில் ஒரு புத்தகம் இருந்ததாலேயே பிள்ளையைப் பற்றி எதையும் தீர்மானித்து விடாதீர்கள்.

ஆண்பிள்ளை ஆடுவதுண்டா என்கிறீர்கள். பஸ் ஏறினால் அரை மணியில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே கூம்புக் குல்லாய் வைத்து, கையில் தாளத்தோடு அரையர் நின்று அபிநயம் பிடிப்பதைப் பார்த்ததில்லையா? அந்தச் சேவை ஆண்களுக்கே உரியது. ஆண்டாளின் ஏக்கத்தை ஓர் ஆண் முகம் காட்டும்போது நாம் கண்ணைத் துடைத்துக் கொள்கிறோமே தவிர, சிரிப்பதில்லை. பக்தியையும் நாவலையும் ஒன்றாக்க வரவில்லை. ஆட்டம் ஆணுக்கு இழுக்கல்ல என்பதற்குச் சொன்னேன்.

இப்படி ஆசைப்படுவதுண்டா? உண்டு, அம்மா. பாலே உலகில் நிஜின்ஸ்கி என்றொரு மகா கலைஞர் இருந்தார். 1909-ல் பாரிஸில் அவரை மேடையேற்றிப் புகழுக்குக் கொண்டு வந்த தியாகிலெவ், அவருடைய காதலராகவும் இருந்தார். 1913-ல் நிஜின்ஸ்கி, ரொமோலா என்ற பெண்ணை அவசர அவசரமாக மணந்தார். தியாகிலெவ் தந்தி அடித்து அவரை வேலையை விட்டு நீக்கினார். சில வருஷங்களில் நிஜின்ஸ்கிக்குச் சித்தம் கலங்கியது. 1950-ல் இறக்கும் வரை அவர் முழுதாகத் தேறவில்லை. இன்றைய நாவல்கள் இரண்டு ஆட்டக்காரர்களுக்கு மங்களமான முடிவு கொடுக்கின்றன என்றால், அந்த நாளில் அவர்களுக்கு அது வாய்க்கவில்லை என்பதாலும் இருக்கலாம்.

அதே நிஜின்ஸ்கியோடு ஆடிய அன்னா பாவ்லோவாவைப் பார்த்துத்தான் நம் ருக்மிணி தேவிக்கு ஆட்டத்தில் ஆசை பிறந்தது. முதலில் பாலே கற்றார். உங்கள் நாட்டுக் கலையைப் பாருங்கள் என்று பாவ்லோவா சொல்ல, பரதம் பயின்றார். 1936-ல் கலாக்ஷேத்திரம் எழுந்தது. அங்கே பரதம் கற்ற ஆண்களில் ஒருவர் நவ்தேஜ் ஜோஹர். 2014-ல் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றவர். பத்திரிகையாளர் சுனில் மெஹ்ராவும் அவரும் இருபது வருஷங்களுக்கும் மேலாக ஒரே வீட்டுத் துணைவர்கள். இத்தகைய அன்பைக் குற்றமாக்கிய 1860-ஆம் வருஷச் சட்டத்தின் 377-ஆம் பிரிவை எதிர்த்து, 2016-ல் இருவரும் வேறு மூவரும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி, வயது வந்தவர்கள் மனமொத்து நேசிப்பது குற்றமல்ல என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்குக்கே ஜோஹரின் பெயர்தான்.

கால்கட்டு? வேண்டவே வேண்டாம். மருந்து கொடுத்து மாற்றுகிற நோயும் அல்ல இது. ரொமோலாவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உங்கள் பயம் தீருவதற்காக இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையைப் பணயம் வைக்கலாமா? அவளுக்கும் ஒரு தாய் இருப்பாளே!

2021-ல் மதுரைப் பெண்கள் இருவர் சேர்ந்து வாழ விரும்பிச் சென்னைக்கு வந்து விட்டார்கள். பெற்றோர் போலீஸுக்குப் போனார்கள். வழக்கைக் கேட்ட உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கே இதில் போதிய தெளிவில்லை என்று ஒப்புக்கொண்டு, மனநல நிபுணரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். அதன் பிறகே தீர்ப்பெழுதினார். இவர்களை 'மாற்றுகிறேன்' என்று வைத்தியம் செய்வதற்கும் தடை போட்டார். நீதிபதியே கேட்டுத் தெரிந்து கொண்டாரென்றால், நமக்கு என்ன வெட்கம்?

ஆகவே அரிசி டின்னைத் திறந்து புத்தகத்தை எடுங்கள். முடிந்தால் மீதியையும் படியுங்கள். பிறகு எடுத்த இடத்திலேயே வையுங்கள். அப்பாவிடம் சொல்வதா, எப்போது சொல்வது என்பதெல்லாம் பிள்ளையின் பாடு; நீங்கள் முந்த வேண்டாம். இரவு சாப்பாடு போடும்போது, "நீ வைத்திருந்த கதையைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறதா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். வெறும் கதை என்றால் சிரித்து விட்டுப் போவான். வேறு ஏதாவது இருந்தால் இன்றோ என்றோ சொல்வான். அம்மாவிடம் சொல்லலாம் என்ற தைரியம் அவனுக்கு வந்து விட்டால் போதும்.

விடுமுறை முடிந்து ரயிலேறும்போது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா கொஞ்சம் கட்டிக் கொடுங்கள். அந்தப் பொட்டலத்துக்கு அடியில் புத்தகம் பத்திரமாக இருக்கட்டும்.