யாருக்கு மேல்முறையீடு?

மருத்துவர் தவறிழைத்தார் என்று நம்புகிறவர் முதலில் நினைப்பது நீதிமன்றத்தைத்தான். மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் இழப்பீட்டுக்கான வழி தெளிவாகிவிட்டது. ஆனால் இழப்பீடு வேறு, அந்த மருத்துவர் இனியும் தொழில் செய்யலாமா என்ற கேள்வி வேறு. இரண்டாவதற்கு விடை சொல்ல வேண்டியது மாநில மருத்துவக் கவுன்சில். எச்சரிக்கவும், பதிவேட்டிலிருந்து பெயரைச் சில காலத்துக்கோ நிரந்தரமாகவோ நீக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. சென்னை மாகாணத்தில் இந்தப் பதிவேட்டுக்கான சட்டம் வந்தது 1914இல்.

புகாரைக் கவுன்சில் தள்ளிவிட்டால் என்ன செய்வது? 2002ஆம் ஆண்டின் தொழில்நெறி விதிகளில் இதற்கு விடை இருந்தது. புகார்மீது ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். அம்முடிவால் பாதிக்கப்பட்ட எவரும் அறுபது நாளில் இந்திய மருத்துவக் கவுன்சிலிடம் மேல்முறையீடு செய்யலாம். எவரும் என்ற அந்தச் சொல்லில் நோயாளியும் அடக்கம்.

ஊழல் புகார்களால் பெயர் கெட்டிருந்த அக்கவுன்சிலுக்கு மாற்றாக, 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய மருத்துவ ஆணையம் 2020இல் வந்தது. சீர்திருத்தம் என்ற பெயரில் வந்த இச்சட்டத்தின் 30ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மாநிலக் கவுன்சிலின் நடவடிக்கையால் பாதிக்கப்பட்ட மருத்துவர், ஆணையத்தின் நெறிமுறை வாரியத்திடம் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது. புகார் கொடுத்தவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இந்த மௌனத்தையே காரணமாகக் காட்டி நோயாளிகளின் மனுக்கள் திருப்பி அனுப்பப்பட்டன. இதில் வேடிக்கை, 2023 ஆகஸ்டில் வெளியான புதிய விதிகள் சில வாரங்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டு, 2002ஆம் ஆண்டு விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. விதி 'எவரும்' என்கிறது, சட்டம் 'மருத்துவர்' என்கிறது. இரண்டும் மோதினால் வெல்வது சட்டம்தானே.

மருத்துவர்களின் அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆத்திரத்தில் எழுதப்படும் புகார்கள் உண்டு. பெயர் நீக்கம் ஒருவரின் பிழைப்பையே பறித்துவிடும். அதனால்தான் தண்டிக்குமுன் மருத்துவரின் தரப்பைக் கேட்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அது நியாயம். மறு தரப்புக்கு இரண்டாவது விசாரணையே கிடையாது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கவுன்சில்களில் அமர்ந்திருப்பவர்களும் பெரும்பாலும் மருத்துவர்களே. தொழிற்சங்கம் தன் உறுப்பினரைக் காக்கலாம், தவறில்லை. உரிமம் வழங்கும் அமைப்புக்கு அந்த உரிமை கிடையாது. அது ஏற்படுத்தப்பட்டதே பொதுமக்களின் பாதுகாப்புக்காக. பிரிட்டனில், மருத்துவருக்கு அளித்த தண்டனை பொதுமக்களைக் காக்கப் போதாது என்று தோன்றினால் அதை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்ல 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி அமைப்பே இருக்கிறது.

இங்கே சட்டத்தை நம்பி வருகிறவருக்கு மிஞ்சுவது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. மனைவியையோ பிள்ளையையோ பறிகொடுத்த ஒரு கிராமத்து மனிதர் அதற்கு வழக்கறிஞரைத் தேடி, கட்டணம் கட்டி, வாய்தா வாய்தாவாக அலைய வேண்டும். 30ஆம் பிரிவில் 'மருத்துவர்' என்பதை அடுத்து 'அல்லது புகார்தாரர்' என இரண்டு சொற்களை நாடாளுமன்றம் சேர்த்தால் அந்த அலைச்சல் மிச்சம்.