பறக்கும் ரயிலில் ஒரு ஞாயிறு



தை பிறந்துவிட்டது. மழையும் ஓய்ந்தது, வெயிலும் இன்னும் முழுசாக ஏறவில்லை. பங்குனி வெயில் வந்து எல்லோரையும் வீட்டுக்குள் விரட்டும்வரை சென்னையில் வெளியே சுற்ற இதைவிட நல்ல காலம் இல்லை. இந்தச் சமயத்தில் உங்களில் பலர் கேட்கும் ஒரு கேள்விக்கே இந்தப் பக்கத்தைக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். "ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை எங்கேதான் கூட்டிக்கொண்டு போவது? சினிமா, மால், இதை விட்டால் இந்த ஊரில் என்ன இருக்கிறது?"

இந்தக் கேள்வியில் ஒரு வருத்தம் இருக்கிறது, அது எனக்குப் புரிகிறது. நாலு பேர் உள்ள குடும்பம் ஒரு மாலுக்குள் போய் ஒரு படம் பார்த்து, ஏதோ கொறித்து வெளியே வந்தால், மாதக் கடைசியில் அந்தச் செலவு உறுத்தும். ஆனால் ஒரு பெருநகரத்தின் உண்மையான கேளிக்கை விலைக்கு வாங்குவதில் இல்லை என்பது என் உறுதியான நம்பிக்கை. எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும் இடங்களில், முன்பின் தெரியாத ஆயிரம் பேரோடு சேர்ந்து இருப்பதில்தான் அது இருக்கிறது. கிராமத்தில் கிடைக்காத சுகம் இது. காசு கொடுத்துக் கட்டிய கண்ணாடிக் கூரைக்குக் கீழேயும் கிடைக்காது.

அதற்கு நான் சொல்லும் வழி பறக்கும் ரயில். 1995இல் பீச் ஸ்டேஷனிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கியது, 2007இல் வேளச்சேரியைத் தொட்டது. பெரும்பாலும் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டித் தூண்கள் மேலேயே போகிறது. டிக்கெட், ஒரு டீயின் விலைகூட வராது. ஞாயிறு காலை கூட்டம் குறைவு, பிள்ளைகளுக்கு ஜன்னலோரம் கிடைக்கும். ஸ்டேஷன்களில் படிகள் அதிகம். முட்டிவலி உள்ளவர்கள் லிஃப்ட் ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

இந்த ரயிலின் அழகே அது நம்மை மொட்டைமாடி உயரத்தில் கொண்டுபோவதுதான். தெருவில் நடந்தால் தெரியாத ஒரு சென்னை அங்கே இருக்கிறது. கொடியில் காயும் துணிகள், பாயில் பரப்பிய வடகம், தண்ணீர்த் தொட்டி நிழலில் புத்தகத்தோடு ஒரு பெண், நாலடி இடத்தில் கிரிக்கெட் ஆடும் பையன்கள். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மைதானம் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும். கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் மெரினா. அங்கே இருக்கும் கலங்கரை விளக்கத்தில் லிஃப்ட் உண்டு. மேலே போய்க் கடலையும் மணலையும் ஒருசேரப் பார்த்துவிட்டு வந்து, தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் சாப்பிட்டால் அந்தக் காலைக்கு அதுவே போதும்.

திருமயிலையில் இறங்குபவர்கள் மாட வீதிகளைச் சுற்றி வரலாம். தைப்பூசத்தையொட்டிக் கபாலீசுவரர் கோயில் குளத்தில் தெப்பம் நடக்கும். விளக்கு வெளிச்சம் தண்ணீரில் ஆட, குளத்துப் படிகளில் நெருக்கி உட்கார்ந்து பார்க்கும் அந்தச் சாயங்காலத்துக்குப் பக்தி கூட வேண்டாம், கண் இருந்தால் போதும். கோட்டூர்புரம் ஸ்டேஷனிலிருந்து நடை தூரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2010இல் திறந்தது. குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. நம் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கவும் ஒரு கூடம் வைத்திருக்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையிலிருந்தே அங்கே தலைகுனிந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இந்த நகரத்தின் மேல் பிரியம் கூடிவிடுகிறது.

பெருங்குடியில் இறங்கினால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற இடம். குளிர்கால விருந்தாளிகளாகப் பறவைகள் வந்து தங்கும் மாதங்கள் இவை. பூநாரைகளைப் பார்க்கும் அதிர்ஷ்டமும் வாய்க்கலாம். வெயில் ஏறுமுன் போங்கள், பைனாகுலர் இருந்தால் கொண்டுபோங்கள். குப்பைமேடு ஒரு பக்கம், ஐடி கம்பெனிக் கட்டடங்கள் மறுபக்கம், நடுவே பறவைகள். சதுப்பு எவ்வளவு சுருங்கிவிட்டது என்பதைப் பிள்ளைகள் அங்கே நின்றுதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எழும்பூர் அருங்காட்சியகம் இந்த ரயில் பாதையில் இல்லை. ஆனாலும் அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1851இல் தொடங்கிய அந்த வளாகத்தின் வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். பிரெஞ்சுச் சிற்பி ரோடின், அங்கிருந்த நடராசரைப் புகைப்படத்தில் மட்டுமே பார்த்துவிட்டு உருகி உருகி எழுதினார். நேரில் பார்க்கும் வாய்ப்பு நமக்கு ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது. திருவெண்காட்டு அர்த்தநாரியின் முன்னால் பிள்ளைகளை நிறுத்தி, ஒரு பக்கமும் மறுபக்கமும் எப்படி வேறுபடுகின்றன என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.

இனி, இந்த மாதங்களுக்கே உரிய ஒன்றுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் சென்னையின் மிகச் சிறந்த பொழுதுபோக்கு நள்ளிரவில்தான் நடக்கிறது. பங்குனி ஆமைகள் எனப்படும் கடலாமைகள் ஜனவரி முதல் முட்டையிட நம் கரைக்கு வருகின்றன. எழுபதுகளில் பாம்புப் பண்ணையின் ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் இந்தக் கரையில் ஆமை தேடி நடந்தார்கள். 1988இலிருந்து மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒவ்வொரு பருவத்திலும் அந்த நடையைத் தொடர்கிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் சேர்ந்து நடக்கலாம்.

செருப்பைக் கழற்றிவிட்டு, டார்ச் அடிக்காமல், மீனவக் குப்பங்களைத் தாண்டி நடக்க வேண்டும். டிராக்டர் சக்கரம் ஏறிப்போனது போல மணலில் ஒரு தடம் தெரிந்தால் எல்லோரும் நின்றுவிடுவார்கள். தாய் ஆமை பின்துடுப்புகளாலேயே குழி பறித்து, நூறையொட்டிய முட்டைகளை இட்டு, மணலை மூடி, தன் உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டித் தட்டிக் கெட்டிப்படுத்திவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். தன் குஞ்சுகளை அது பார்க்கப்போவதே இல்லை. நாய்கள் தோண்டுமுன் மாணவர்கள் அந்த முட்டைகளை எடுத்துப்போய்ப் பொரிப்பகத்து மணலில் புதைக்கிறார்கள். ஒன்றரை மாதத்துக்கு மேல் கழித்துக் குஞ்சுகள் வெளியே வரும். வெளிச்சம் இருக்கும் பக்கம் கடல் என்று நம்பி ஓடுவது அவற்றின் இயல்பு. நம் தெருவிளக்குகளோ அவற்றைச் சாலைப் பக்கம் இழுத்துவிடும். அதனால்தான் அவற்றைக் கடலோரத்தில் கொண்டுபோய் விட வேண்டியிருக்கிறது.

ஓர் ஆமையைக்கூடப் பார்க்காமல் திரும்பும் இரவுகளும் உண்டு. அதற்காகத் தயங்க வேண்டாம். கோடிப்பேர் வாழும் நகரத்தின் விளிம்பில், யாரும் கூவி விற்காத ஓர் இருட்டில், பேச்சைக் குறைத்துக்கொண்டு அந்நியர்களோடு நடப்பதே பெரிய அனுபவம். பிள்ளைகள் தூக்கம் கெட்டது என்று சிணுங்க மாட்டார்கள், பாருங்கள். அவர்களைக் கூட்டிப்போக இன்னொரு காரணமும் உண்டு: 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இதே கரையோரத்தில் இறந்து ஒதுங்கின. இழுவை வலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் அவை மாண்டுபோகும். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த பிள்ளைக்கும், ஓர் இரவு அந்த மணலில் நடந்த பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெற்றோர்களான உங்களிடம் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த இடங்களையெல்லாம் அளக்க நான் வைத்திருக்கும் கோல் ஒன்றே ஒன்று: ஒரு பெண் தனியாக வந்து, எதுவும் வாங்காமல், ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்ப முடிகிறதா? அதற்கு நல்ல விளக்கு வேண்டும், சுத்தமான கழிப்பறை வேண்டும், உட்காரப் பெஞ்சு வேண்டும். மெரினாவில் ஆனாலும் பூங்காவில் ஆனாலும் இதைக் கேட்டு வாங்கும் உரிமை நமக்கு உண்டு. நாம் போகாத இடத்துக்கு இவற்றை யாரும் செய்து தரமாட்டார்கள். ஆகவே போங்கள், நிறையப் பேராகப் போங்கள்.

சென்னையைப் பற்றியே பேசிவிட்டேன் என்று மதுரை, கோவை, திருச்சி வாசகர்கள் கோபிக்க வேண்டாம். உங்கள் ஊரில் காசு அதிகம் செலவழிக்காமல் ஒரு நாளைக் கொண்டாட்டமாகக் கழிக்க எங்கே போவீர்கள், எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், எந்த நேரத்தில் போனால் நன்றாக இருக்கும், பக்கத்தில் நல்ல காபி எங்கே கிடைக்கும் என்று விவரமாக எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இந்தப் பக்கம் உங்களுக்கு.

அன்புடன்,
ஆசிரியர்