திரைக்குப் பின்னால் ஒரு வயலின்

சிம்பொனி இசைக்குழுக்களின் ஆள்தேர்வு பற்றி எப்போது படித்தாலும் அந்தத் திரைதான் எனக்குக் கண்முன் நிற்கும். வாசிப்பவர் ஒருபுறம், நடுவர்கள் மறுபுறம். காலணிச் சத்தம்கூட ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று தரையில் கம்பளம் விரிப்பார்கள். அமெரிக்காவில் 1970களில் பரவிய நல்ல வழக்கம். வியன்னா பில்ஹார்மோனிக் பெண்களை உறுப்பினராக ஏற்க 1997 வரை ஆனதை நினைத்தால் இதன் அருமை புரியும். ஆனால் என்னை யோசிக்க வைப்பது திரைக்குப் பிறகு நடப்பது. ஐந்தாறு வயதில் வில்லைப் பிடித்த குழந்தை ஆண்டுக்கணக்கில் தனித்து ஒலிக்கவே பழகுகிறது. தேர்விலும் ஒரு மோட்சார்ட் கான்செர்ட்டோ, பிறகு ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘டான் யுவான்’ முதல் பக்கம் என்று தனியாகத்தான் வாசித்துக் காட்ட வேண்டும். வேலை கிடைத்ததும், அணிக்குள் அவருடைய வயலின் மட்டும் தனியாகக் கேட்டால் அது பிழை! பக்கத்து இருக்கைக்காரரின் வில் மேலே போனால் இவருடையதும் மேலே போக வேண்டும். சுரத்தை லேசாக அதிரச் செய்யும் விப்ராட்டோகூட அணியோடு ஒத்திருக்க வேண்டும். இப்படிக் கரைந்து வாசிப்பதற்கு இசைக் கல்லூரிகள் இன்னும் நிறைய நேரம் ஒதுக்க வேண்டும் என்பேன். பலர் அதைத் தகுதிகாண் காலத்தில்தான் முழுதாகக் கற்கிறார்கள். பெர்லின் பில்ஹார்மோனிக்கில் அந்தக் காலம் முடிந்ததும் நிரந்தர இடம் தருவதா என்று வாக்களிப்பவர்கள் அந்தச் சக கலைஞர்களேதான்.