ஓட்டு எட்டாத இடம்

1997-இல் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் அமைச்சரவையில் 93 பேர் இருந்தார்கள். கட்சி தாவி வந்தவர்களுக்குக் கைம்மாறாகப் பதவி. இந்தக் கூத்துக்குக் கடிவாளம் போட்டவர் வாக்காளர் அல்லர்; 2003-இல் வந்த 91-ஆவது அரசியல் சட்டத் திருத்தம். முதல்வரையும் சேர்த்து, பேரவை உறுப்பினர் எண்ணிக்கையில் 15 விழுக்காட்டுக்கு மேல் அமைச்சர்கள் கூடாது என்றது அது. 234 பேர் கொண்ட தமிழகப் பேரவைக்கு 35.

இத்தகைய வரம்புகளைத் தாண்டப் புறவாசலும் தேடினார்கள். தில்லியில் 2015-இல் 21 எம்.எல்.ஏ.க்கள் நாடாளுமன்றச் செயலர்கள் ஆனார்கள். அந்த நியமனத்தை மறு ஆண்டே ரத்து செய்ததும் உயர் நீதிமன்றம்தான். வாக்காளரைக் குறை சொல்லிப் பயனில்லை. விலைவாசி, குடிநீர், சாதி, தலைவர் மீதான அபிமானம் என அத்தனைக்கும் அவரிடம் இருப்பது ஐந்தாண்டுக்கு ஒரு பொத்தான். கட்சிக்காரர்களுக்குப் பதவி தரும் வாரியங்கள் எத்தனை, அவற்றின் தலைவருக்கு எத்தனை கார் என்பதெல்லாம் அதில் எங்கே பதிவாகும்?

அந்தப் பொத்தானும் உரிய நாளில் கைக்கு வருவதில்லை. தமிழக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். ஆனால் வழக்கு, வார்டு மறுவரையறை என்று இழுத்து, நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலர்களே கையெழுத்திட்டார்கள். சாக்கடை அடைத்தால் சட்டையைப் பிடித்துக் கேட்க, தெருவில் ஒரு கவுன்சிலர்கூட இருக்கவில்லை.