உப்பும் பனிக்கட்டியும் ஒரு பழைய இன்ஜினும்



மகள் வீட்டுக்கு அமெரிக்கா வந்து இரண்டு மாதம் ஆகிறது. போன ஞாயிறு ஐயோவா மாநிலத்தில் ஒரு சிற்றூரில் நடந்த பழைய டிராக்டர் கண்காட்சிக்குக் கூட்டிப்போனார்கள். பழைய இரும்பைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன்.

அங்கே ஐஸ்கிரீம் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு மர வாளி. நடுவில் பாலும் கிரீமும் சர்க்கரையும் ஊற்றிய உலோக டப்பா. சுற்றிலும் உடைத்த ஐஸ், கல்லுப்பு. 1843-இல் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி காப்புரிமை பெற்ற கைச்சுற்று முறைதான். கைக்குப் பதிலாக பெல்ட் போட்டு, 1920-களில் விற்பனைக்கு வந்த ஒன்றரை குதிரைத்திறன் ஜான் டீர் இன்ஜினோடு இணைத்திருந்தார்கள்.

அந்த இன்ஜின் ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்காது. வேகம் போதுமானால் ஃப்ளைவீலின் ஓட்டத்திலேயே சும்மா சுற்றும். வேகம் குறைந்தால்தான் 'டப்' என்று ஒரு வெடி. கிரீம் தண்ணியாக இருந்தபோது எப்போதாவது ஒரு டப். கெட்டியாக ஆக, டப் டப் டப் என்று நெருங்கியது. இயக்கிய பெரியவர் மூடியைத் திறக்கவேயில்லை. சத்தத்தைக் கேட்டே, ஆகிவிட்டது என்றார்.

இந்த வேலையை மின்சார மிஷின் சத்தமில்லாமல் செய்துவிடும், எதற்கு இந்த ஆர்ப்பாட்டம் என்று மருமகன் கேட்டார். சத்தமில்லாமல் செய்வதுதான் குறை என்பேன். வீட்டு மிஷினைப் பார்த்து என் பேத்தி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அங்கே கேள்வியை நிறுத்தவே இல்லை.

அப்போதுதான் ஒரு பழைய நினைவு குத்தியது. ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சார், உப்பு போட்டா ஐஸ் உருகுதுங்கறீங்க. அப்புறம் எப்படி சார் இன்னும் ஜில்லுனு ஆகும்?" "புத்தகத்துல இருக்கிறத எழுது" என்று அதட்டி உட்கார வைத்தேன். உண்மையில் எனக்கே அது தெளிவில்லை. அதை மறைக்கத்தான் அந்தக் கோபம்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்ஜின் வேண்டாம். ஒரு வாளி, ஐஸ், கல்லுப்பு, மூடிய தூக்கில் சர்க்கரைப் பால் போதும். பிள்ளைகளே மாறி மாறிச் சுற்றட்டும். கை வலிக்க ஆரம்பித்தால் பால் இறுகுகிறது என்று அர்த்தம். ஊரில் தாத்தா காலத்து ஆயில் இன்ஜின் கிடந்தால், எடைக்குப் போடும் முன் ஒரு தடவையாவது பிள்ளைகள் முன்னால் ஓட்டிக் காட்டுங்கள். பெல்ட் பக்கத்தில் மட்டும் யாரையும் விடாதீர்கள்.

அந்த மாணவன் இதைப் படித்தால்: நீ கேட்டது சரியான கேள்விப்பா. உப்பு சேர்ந்தால் ஐஸ் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழேயும் உருகும். உருகுவதற்கு வெப்பம் வேண்டும்; அதைச் சுற்றியிருப்பதிலிருந்து எடுத்துக்கொள்ளும். அளவாகக் கலந்தால் மைனஸ் 21 டிகிரி வரைகூட இறங்கும். அந்தக் குளிர்தான் பாலை உறைய வைக்கிறது.

பதில் சொல்ல இத்தனை வருஷம் ஆகிவிட்டது. மன்னித்துக்கொள்.

அன்புடன்,
உங்கள் சார்